ஹென்றி புலம்பாத இருபத்தைந்து நாள்கள்

என் அண்ணன் ஹென்றிக்குப் பொய் சொல்ல வராது. அது நல்ல குணம்தானே என்று நினைப்பவர்கள் அவனை ஒரு கல்யாண விருந்துக்கு அழைத்துப் போய்ப் பார்க்க வேண்டும். மாப்பிள்ளையின் அப்பாவிடமே நேராகப் போய், "பிரியாணி உப்பு. ஃபேன் சத்தம். பாட்டு ரொம்ப நேரம்," என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, பிறகு கைகொடுத்து வாழ்த்தும் சொல்வான். அவர்கள் சிரித்துக்கொள்வார்கள். சிரிக்க முடியாமல் பக்கத்தில் நிற்பவள் நான், அவன் தங்கை வெரோனிக்கா.

ஹென்றிக்கு நாற்பத்தேழு வயது. டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவன். நாக்குக் கொஞ்சம் தடிப்பு, ஆனால் இரண்டு நாள் பழகினால் அவன் பேசுவதெல்லாம் புரியும். பினாங்கு ஜெலுத்தோங்கில் ஏழாவது மாடி பிளாட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் கணக்கும் கடிதமும் பார்க்கிற கிராணி. எனக்குக் கல்யாணம் ஆகாததற்கு ஹென்றிதான் காரணம் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். காரணம் வந்த மாப்பிள்ளைகள். அந்தக் கதை இங்கே வேண்டாம்.

அவன் பிறந்தபோது, இந்தப் பிள்ளை இருபது வயதைத் தாண்டாது என்று யாரோ அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்கள். அம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பள்ளிக் கேண்டீனில் நாள் முழுக்க அடுப்படியில் நின்றுவிட்டு வந்து, அவனுக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். சட்டைப் பொத்தான் போட ஒரு வருஷம். முகச்சவரம் பழக எட்டு மாதம். முகத்தில் கீறல் விழாத நாளில் கோயிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றினார். தனியாக பஸ் ஏறப் பழக்கியபோது, அம்மா ஒரு மாதம் அதே பஸ்ஸில் கடைசி சீட்டில் முக்காடு போட்டு உட்கார்ந்து போனார். முப்பதாவது நாள் இறங்கும்போது ஹென்றி திரும்பிப் பார்த்து, "அம்மா, தெனமும் ஏன் பின்னாடி உக்கார்றே? முன்னாடி எடம் இருக்கு," என்று கேட்டானாம். மறுநாளிலிருந்து அவர் போகவில்லை.

அம்மா இறந்து நான்கு வருஷம் ஆகிறது. அவர் பழக்கியதெல்லாம் அவனிடம் அப்படியே இருந்தது. ஆயர் ஈத்தாம் பக்கம் அவனைப் போன்ற பெரியவர்கள் வேலை செய்யும் ஒரு பட்டறை இருக்கிறது. சின்னச் சின்ன ஹோட்டல்களின் துண்டுகளை மடித்துக் கட்டி அனுப்புவார்கள். அதை நடத்துகிற ஜெயலெட்சுமி, எங்கள் குளியலறைச் சுவரில் ஒட்டுவதற்கு வரிசையாகப் படம் வரைந்து கொடுத்திருந்தார். பல் துலக்கு, குளி, வலது கன்னம், இடது கன்னம், பவுடர், சட்டை. ஹென்றி அதைப் பார்த்துப் பார்த்துச் செய்வான். நான் உள்ளே எட்டிப் பார்த்தால்கூடக் கதவைச் சாத்துவான்.

புலம்பல் ஒன்றுதான். ஃபேன் டிக்டிக்கென்கிறது, சட்டைக் காலரில் லேபிள் குத்துகிறது, சோறு சூடு, சோறு ஆறிவிட்டது, என் சென்ட் வாடை மூக்கில் ஏறுகிறது. ஒருநாளைக்கு நாற்பது புகார் வரும். பாவம், மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டான். ஆனால் கேட்பவளுக்கும் ஒரு தலைதானே இருக்கிறது.

எங்கள் வீட்டில் தவக்காலம் வந்தால் ஆளுக்கொரு ஒறுத்தல் உண்டு. ஈஸ்டர் வரும் வரைக்கும் பிடித்த ஒன்றை விட்டுவிட வேண்டும். அம்மா காப்பியை விடுவார். நான் சாக்லெட்டை விடுகிறேன் என்று ஆரம்பித்து இரண்டாவது வாரம் தோற்பேன். ஹென்றி வருஷா வருஷம், சீவிய ஐஸில் பயறும் சர்க்கரைப் பாகும் போட்ட ஐஸ் கச்சாங்கை விடுவான். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் அன்று விட்டானென்றால் ஈஸ்டர் காலைப் பூசை முடிந்துதான் தொடுவான். நடுவில் யார் என்ன ஆசை காட்டினாலும் நடக்காது.

இந்த வருஷம் சாம்பல் புதனுக்கு முதல்நாள் சீனப் பெருநாள். எனக்கு லீவு. ஒருநாள் நன்றாகத் தூங்கலாம் என்று படுத்திருந்தேன். அக்கம்பக்கத்தில் பட்டாசு. ஒவ்வொரு வெடிக்கும் ஹென்றி என் அறைக் கதவைத் தட்டி, "வெரோ, சத்தம்," என்று சொல்லிவிட்டுப் போனான். பதினோராவது தடவை நான் எழுந்து உட்கார்ந்தேன்.

"அண்ணே, இந்த வருஷம் ஐஸ் கச்சாங்க விட வேணாம். நல்லா சாப்பிடு. அதுக்குப் பதிலா இந்தப் புலம்பல விட்டுடு. நாப்பது நாளு. எது வந்தாலும் வாயத் தொறக்காம இயேசுவுக்கு ஒப்புக்கொடுத்துடு."

"எல்லாமா?" என்று கேட்டான்.

"எல்லாந்தான்."

கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு சரி என்றான்.

அதோடு விட்டிருக்கலாம். நான் பெரிய புத்திசாலி அல்லவா. பட்டறையில் புதிதாக ஒன்றைப் பழக்க வேண்டுமென்றால் கட்டம் போட்டு, செய்து முடித்த நாளுக்கெல்லாம் ஒரு நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். அதைப் பார்த்து நானும் ஒரு தாளில் நாற்பது கட்டம் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினேன். புலம்பாத நாளுக்கு ஒரு தங்க நட்சத்திரம். சாயங்காலம் இரண்டு பேரும் நின்று ஒட்டுவோம். ஹென்றி நகத்தால் அதன் ஓரங்களை அழுத்திவிடுவான்.

முதல் வாரம் வீட்டில் அப்படி ஓர் அமைதி. ஃபேன் டிக்டிக்கென்றது, அவன் ஒன்றும் சொல்லவில்லை. சாம்பாரில் உப்புப் போட மறந்தேன், அப்படியே சாப்பிட்டான். கோயில் பாடற்குழுவினர் எல்லாரிடமும் பெருமை அடித்துக்கொண்டேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தான் ஆண்டி என்பார்கள். நான் ஊதிக்கொண்டிருந்த சங்கைப் பிடுங்கி வைத்தவள்.

இரண்டாவது வாரம் ரொட்டி சானாயைத் தட்டிலேயே வைத்தான். பரோட்டா மாதிரி இருக்கும், எந்த ஞாயிறும் அவன் விடாத ரொட்டி சானாய். கஞ்சியும் மைலோவும்தான் இறங்கின. கன்னம் ஒட்டிப்போனது, ராத்திரி சரியாகத் தூங்காமல் பகலில் உட்கார்ந்த இடத்தில் கண் சொருகினான். ஒருநாள் காலை குளியலறையிலிருந்து வந்தவனைப் பார்த்து எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வலது கன்னம் மழுமழுவென்று இருக்கிறது. இடது கன்னத்தில் ஒரு முடிகூட எடுபடவில்லை.

"அண்ணே, இந்தப் பக்கம் மறந்துட்டியா?"

என்னைப் பார்த்தான். குளிர்சாதனப் பெட்டியைப் பார்த்தான். ஒன்றும் பேசாமல் சட்டை மாட்டப் போய்விட்டான். அந்தப் பார்வையில் ஒன்றுமே இல்லை என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது.

அதே வாரம் பட்டறை ஸ்டாப்பில் இறங்காமல் இரண்டு ஸ்டாப் தள்ளிப் போய் நின்றான். பதினைந்து வருஷமாக ஒரு தடவைகூட அப்படி நடந்ததில்லை. மறுநாள் பட்டறையில் கோகிலன் என்ற பையனைப் பிடித்துத் தள்ளிவிட்டான். கோகிலன் எல்லாரையும் கன்னத்தில் தட்டித்தான் காலை வணக்கம் சொல்வான், யாருக்கும் கெடுதல் நினைக்காத பிள்ளை. ஜெயலெட்சுமி எனக்குப் போன் செய்தார்.

"அக்கா, சொல்லவே கஷ்டமா இருக்கு. இவங்களுக்கு நாப்பது தாண்டினா மறதி நோய் சீக்கிரமே வரலாம்னு எங்களுக்கு ட்ரெய்னிங்ல சொல்லியிருக்காங்க. ஒரு தடவ டாக்டர்கிட்ட காட்டிடுங்களேன். இன்னொரு தடவ யாரையாச்சும் தள்ளிவிட்டா, என்னால வெச்சிக்க முடியாது லா."

அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் பொறுப்பில் இன்னும் இருபத்திரண்டு பேர் இருக்கிறார்கள். ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் ஹென்றியைப் பார்த்து எங்காவது வலிக்கிறதா என்று மலாயில் கேட்டார். ஹென்றி என்னைப் பார்த்தான், உதட்டை இறுக்கிக்கொண்டான். அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். மூடினேனா? முந்திக்கொண்டு பதில் சொன்னேன்.

"வலிச்சா இவரு சும்மா இருக்க மாட்டாரு டாக்டர். கொசு கடிச்சாலே ஊரக் கூட்டிடுவாரு."

டாக்டர் அதை எழுதிக்கொண்டார். வாயைத் திறக்கச் சொன்னார், ஹென்றி திறக்கவில்லை. ஞாபகத்தைச் சோதிக்கும் பரிசோதனைக்கு மே மாதம் தேதி கிடைத்தது.

வீட்டுக்கு வந்து கைப்பேசியில் தேடித் தேடிப் படித்தேன். படித்திருக்கக் கூடாது. இன்றைக்குச் சவரம் பாதியில் நிற்கும், நாளைக்குச் சட்டைப் பொத்தான் மறக்கும், பிறகு கரண்டி பிடிக்க மறக்கும், கடைசியில் நான் யாரென்று மறக்கும். எட்டு மாதமும் ஒரு வருஷமுமாக அம்மா சேர்த்து வைத்ததெல்லாம் ஒவ்வொன்றாக உதிரப்போகிறது என்று நினைத்தேன். அம்மா செத்தபோதுகூட எனக்கு அப்படிப் பயம் வந்ததில்லை. பட்டறையும் வேண்டாமென்றுவிட்டால் அவனைப் பகலில் யாரிடம் விடுவது? வேலையை விட்டால் இரண்டு பேரும் என்னத்தைச் சாப்பிடுவது?

சிம்பாங் அம்பாட்டில் ஓர் இல்லம் இருப்பதாகக் கோயிலில் ஒருவர் சொன்னார். ஹென்றியைப் போன்றவர்களைக் கடைசிவரை வைத்துப் பார்த்துக்கொள்வார்களாம். ஒரு சனிக்கிழமை கடல் பாலத்தைத் தாண்டி அவனை அழைத்துப் போனேன். நல்ல இடம்தான், பொய் சொல்லக் கூடாது. சுத்தமான அறைகள், வாசலில் ரம்புத்தான் மரம். நடத்துகிற சவுந்தரம் அக்கா, முன்பு நர்ஸாக இருந்தவர், ஒரு கட்டில் காலியாகப்போகிறது என்று காட்டினார். ஹென்றி அதில் போய் உட்கார்ந்தான். மெத்தையைக் கையால் அழுத்திப் பார்த்தான். எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றான். ஒரு வார்த்தை பேசவில்லை.

"ரொம்ப அமைதியான ஆளு," என்றார் சவுந்தரம் அக்கா. "இங்க பிடிச்சுப்போச்சு போல. லிஸ்ட்ல ஆளுங்க இருக்காங்கம்மா. வர்ற செவ்வாய்க்கு அடுத்த செவ்வாய்க்குள்ள ஒரு பதில் சொல்லிடுங்க."

வேண்டாம் என்று ஹென்றி சொல்லவில்லையே என்று நானும் மனசைத் தேற்றிக்கொண்டேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து பதினெட்டாவது நட்சத்திரத்தை ஒட்டினோம்.

அதற்கு அடுத்த வாரம் முழுக்க அந்த விண்ணப்பத்தாள் என் கைப்பையிலேயே கிடந்தது. கையெழுத்துப் போடப் பேனாவை எடுப்பேன், மூடி வைத்துவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை வந்தது, தவக்காலத்தின் நான்காவது ஞாயிறு. அன்றைக்கு மட்டும் ஃபாதர் ரோஜா நிற உடுப்புப் போடுவார். நாங்கள் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். ஹென்றி கன்னத்தைக் கையில் தாங்கியிருந்தான். நான் பிரசங்கத்தைக் கேட்கவில்லை, செவ்வாய்க்கிழமையை நினைத்துக்கொண்டிருந்தேன்.

"தவக்காலம் நாற்பது நாள் என்கிறோம்," என்றார் ஃபாதர். "காலண்டரில் எண்ணிப் பாருங்கள், நாற்பத்தாறு வரும். ஏன் தெரியுமா? ஞாயிறு அந்தக் கணக்கில் இல்லை. ஞாயிறு ஆண்டவர் உயிர்த்த நாள். அன்றைக்கு ஒறுத்தல் கிடையாது."

ஹென்றி நிமிர்ந்தான். என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தான்.

"வெரோ. இன்னிக்கு ஞாயித்துக்கெழமையா?"

"ஆமா. பேசாம இரு."

அவன் எழுந்து நின்றான். கோயில் முழுக்கக் கேட்கும்படி சொன்னான்.

"பல்லு வலிக்குது."

ஃபாதர் நிறுத்தினார். பாடற்குழுவில் யாரோ சிரித்தார்கள். நான் அவன் கையைப் பிடித்து இழுத்தேன், அவன் உட்காரவில்லை.

"என்ன ஹென்றி?" என்று கேட்டார் ஃபாதர்.

"பல்லு, ஃபாதர். ரொம்ப வலிக்குது." சொல்லிவிட்டு அவன் அழ ஆரம்பித்தான். அம்மாவின் அடக்கத்தன்று அழுததற்குப் பிறகு அவன் அழுது நான் பார்த்ததில்லை.

வெளியே கூட்டிவந்து கோயில் படியில் உட்கார வைத்தேன். எந்தப் பக்கம் என்று கேட்டேன். இடது கன்னத்தைத் தொடாமல் விரலை மட்டும் நீட்டிக் காட்டினான். எப்போதிலிருந்து என்று கேட்டேன்.

"ஆறாவது ஸ்டிக்கர்," என்றான். "பட்டறையில சாந்தினி பொறந்தநாளு. மஞ்சக் கேக்கு. ஒரு வாய் கடிச்சேன். இந்தப் பக்கம்."

"ஏன் அண்ணே என்கிட்ட சொல்லலே?"

"நாப்பது நாளு. ஒப்புக்கொடுத்தேன்." மூக்கைத் துடைத்துக்கொண்டான். "ஃபாதரு ஞாயிறு இல்லேன்னு சொன்னாரு. நீ ஞாயித்துக்கெழமைக்கும் ஸ்டிக்கர் ஒட்டுனே. அது தப்பு."

நான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த நாள், யாருடைய பிறந்தநாள், என்ன நிறக் கேக், எத்தனாவது நட்சத்திரம், எல்லாம் சொல்கிறான். நான் போட்ட கணக்கில் தப்பும் கண்டுபிடிக்கிறான். மறதி எங்கே இருக்கிறது? இடது கன்னத்தில் பிளேடு வைக்க முடியாமல் விட்டிருக்கிறான். வலிக்கிற கன்னத்தில் கோகிலன் தட்டினால் தள்ளாமல் என்ன செய்வான்? எனக்கு முதலில் வந்தது வெட்கமில்லை, சந்தோஷம். அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. பல்வலி என்று அழுகிற அண்ணனைக் கட்டிக்கொண்டு, நன்றி ஆண்டவரே என்று சொன்ன தங்கை பினாங்கிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அப்புறம்தான் மற்றது உறைத்தது. இருபது நாள் அவன் அந்த வலியோடு இருந்திருக்கிறான், ஒவ்வொரு நாளும் அதற்கு நான் நட்சத்திரம் ஒட்டியிருக்கிறேன். தலையில் நங்கென்று குட்டிக்கொண்டேன். படியில் உட்கார்ந்து நானும் சேர்ந்து அழுதேன்.

அன்றைக்குப் பல் கிளினிக் எதுவும் திறந்திருக்கவில்லை. கஞ்சி குடித்து, பெனடோல் மாத்திரை போட்டு, ஹென்றி சாயங்காலம் வரை தூங்கினான். திங்கட்கிழமை காலை முதல் ஆளாக டாக்டர் அமீராவின் கிளினிக் வாசலில் நின்றோம். அமீரா இந்த ஊர்த் தமிழ் முஸ்லிம் பெண். நோன்பு மாதம், பெருநாளுக்கு இன்னும் நாலைந்து நாள்தான் இருந்தது. நாற்காலியில் ஹென்றியைச் சாய்த்து உட்கார வைத்து அவர் கேட்டார்.

"அண்ணே, எங்க வலிக்குது?"

"கீழ்ப்பல்லு டாக்டர், இடது பக்கம், மூணு வாரமா..." என்று நான் ஆரம்பித்தேன்.

"அக்கா, நீங்க கொஞ்சம் சும்மா இருங்களேன். பல்லு அவரோடது."

நான் வாயை மூடினேன். ஹென்றியும் மூடிக்கொண்டான். அமீரா மறுபடி கேட்டார். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"இன்னிக்குத் திங்கட்கெழமை."

அமீரா என்னைப் பார்த்தார். வேறு வழியில்லை. நர்ஸும் கேட்கிற மாதிரி எல்லாவற்றையும் சொன்னேன், பட்டாசு, நாற்பது கட்டம், ரோஜா உடுப்பு எல்லாம். அமீரா சிரிக்கவில்லை. ஹென்றியின் பக்கம் குனிந்தார்.

"நானும் இப்ப நோன்புதான் அண்ணே. எங்கள்ல ஒடம்பு சரியில்லாதவங்க நோன்பு வைக்க வேணாம். அல்லா கோவிச்சுக்க மாட்டாரு."

"எங்க வீட்டுல வெரோதான் சொன்னா," என்றான் ஹென்றி.

எல்லாம் என்னிடம்தான் வந்து நின்றது. நாற்பத்து நான்கு வருஷத்தில் நான் அவனுக்குச் சொல்லியிருக்கிற வார்த்தைகளில் ஒன்று மட்டும் இல்லை. அதை அன்றைக்குச் சொன்னேன்.

"அண்ணே, நான் சொன்னது தப்பு."

அவன் தலையைத் திருப்பிப் பார்த்தான். "நீ தப்பா?"

"நான்தான் தப்பு. வலிச்சா சொல்லணும். தவக்காலமா இருந்தாலும் சொல்லணும், பிடிக்கலேன்னாலும் சொல்லணும். அந்தத் தாள வீட்டுக்குப் போனதும் கிழிச்சுப் போட்டுடுறேன்."

"ஸ்டிக்கர கிழிக்காதே."

"சரி. தாள மட்டும்."

அவன் வாயைத் திறந்தான்.

இரண்டு கடைவாய்ப் பற்கள் அழுகிச் சீழ் கோத்திருந்தன. அமீரா எக்ஸ்ரே எடுத்தார், டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு இதயக் கோளாறும் இருக்கலாம் என்பதால் நான் கொண்டுபோயிருந்த அவனுடைய பழைய இதய ரிப்போர்ட்டை நான்கு தடவை புரட்டினார், ஊசி போட்டார். கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்துப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். "எப்ப நிறுத்தணுமோ கையத் தூக்குங்க அண்ணே, நான் நிறுத்திடுவேன்," என்றார். அவன் ஒன்பது தடவை தூக்கினான். ஒன்பது தடவையும் அவர் நிறுத்தினார். மூன்றாவது தடவைக்குப் பிறகு அவன் வலிக்காகத் தூக்கவில்லை, நிஜமாகவே நிறுத்துகிறாரா என்று பார்ப்பதற்காகத்தான் தூக்கினான். அது அமீராவுக்கும் தெரிந்திருந்தது. அப்படியும் நிறுத்தினார்.

இரண்டையும் பிடுங்கி முடித்த பிறகு, வீட்டில் எப்படிப் பல் துலக்குகிறான் என்று ஒரு பொம்மைப் பல்வரிசையில் அவனைச் செய்து காட்டச் சொன்னார். முன்பற்களில் மேலே இருபது, கீழே இருபது எண்ணித் தேய்த்துக் காட்டினான். குளியலறைப் படத்தில் முன்பல் மட்டும்தான் இருக்கிறது. படத்தில் இல்லாத பல்லை அவன் இத்தனை வருஷமும் துலக்கவே இல்லை, நானும் கதவுக்கு வெளியேதான் நின்றிருக்கிறேன். புதுப் படம் வரைந்து தரச் சொல்லி அங்கிருந்தே ஜெயலெட்சுமிக்குப் போன் போட்டேன். பல்வலியாம் என்று விஷயத்தையும் சொன்னேன்.

"கோகிலன் கன்னத்துலதான் தட்டுவான்னு எனக்குத் தெரியுமே அக்கா," என்றார் அவர். "நானும் யோசிக்கலையே. சீக்கிரம் அனுப்புங்க. அவரு மாதிரி ஓரம் சேர்த்து மடிக்க இங்க ஆள் இல்ல."

மே மாதப் பரிசோதனையைப் பற்றி அமீராவிடம் கேட்டேன்.

"போயிட்டு வாங்க, வேணாம்னு நான் சொல்ல மாட்டேன். தைராய்டுக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை பண்ணிடுங்க. ஆனா போன மாசம் எந்த நாள் எந்தக் கலர் கேக் சாப்பிட்டாருன்னு இவருக்குத் தெரியுது. உங்களுக்குத் தெரியுமா அக்கா?"

எனக்கு முந்தாநாள் சாப்பிட்டதே நினைவில்லை.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் வீட்டில் ஓய்வு, கஞ்சி, மாத்திரை என்று எழுதிக்கொடுத்தார். ரத்தம் நின்று, பஞ்சை எடுக்கும் வரை கிளினிக் வாசலில் இருந்த பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தோம். எதிர்க்கடையில் ஒரு வெனிலா ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன், அமீரா சாப்பிடலாம் என்றிருந்தார். ஹென்றி வலது பக்கமாக ஒரு வாய் வைத்து விழுங்கினான். விழுங்கிவிட்டு என்னைப் பார்த்தான்.

"எல்லாம் சொல்லலாமா?"

"சொல்லு அண்ணே. எவ்வளவு வேணுமோ சொல்லு."

"ஃபேன் சத்தம். சொல்லலே."

"சரி."

"ஒன் சாம்பாரு உப்பு இல்ல. மூணு தடவ."

"மூணு தடவையா?"

"மூணு. பஸ் கண்ணாடி சில்லுனு இருந்துச்சு. கன்னத்த வெச்சா நல்லா இருந்துச்சு. அதான் எறங்கலே." இன்னொரு வாய் ஐஸ்கிரீம். "பச்ச சட்ட குத்துது. ஃபாதரு ரொம்ப நேரம் பேசுறாரு. இந்த பெஞ்சு சூடு."

அவன் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல எனக்கு உடம்பே லேசானது. இந்தப் புலம்பலைக் கேட்க மாட்டோமா என்று மூன்று வாரமாக நான் ஏங்கியிருக்கிறேன், ஏங்கியது எனக்கே தெரியவில்லை. சிரித்தபடி தலையாட்டிக்கொண்டிருந்தேன். அவன் கரண்டியைக் கீழே வைத்தான்.

"சிம்பாங் அம்பாட்," என்றான்.

"சிம்பாங் அம்பாட்டுக்கு என்ன?"

"எனக்கு அங்க பிடிக்கலே. அந்தக் கட்டில் என்னோடது இல்ல. நான் அங்க போக மாட்டேன்." கொஞ்சம் நிறுத்தினான். "சொல்லலே."

அன்றைக்குப் பாலத்தில் திரும்பி வரும்போது ஜன்னல் வழியே கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தானே, அப்போதும் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தன்னைக் கொண்டுபோய் விடப்போகிறார்கள் என்று தெரிந்தே வந்து, என்னோடு நின்று நட்சத்திரம் ஒட்டி, நகத்தால் அதன் ஓரத்தை அழுத்திவிட்டிருக்கிறான்.

"அதையுமா அண்ணே ஒப்புக்கொடுத்தே?"

"நீதானே எல்லாந்தான்னு சொன்னே," என்றான். கோபமாகச் சொல்லவில்லை. நான் மறந்துவிட்டேனோ என்பது போலச் சொன்னான்.

நான் கைப்பையிலிருந்து விண்ணப்பத்தாளை எடுத்து நான்காகக் கிழித்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு சவுந்தரம் அக்காவுக்குப் போன் போட்டேன். கட்டில் வேண்டாம் என்றேன். அவர் ஆச்சரியப்பட்டார்.

"ஏன்மா? அவருக்குப் பிடிச்சிருந்துச்சே."

"பிடிக்கலையாம் அக்கா. இப்பத்தான் சொல்றாரு."

"அப்போ லிஸ்ட்ல அடுத்த ஆளுக்குக் குடுத்துடவா? அப்புறம் வேணும்னா உடனே கெடைக்காதும்மா."

பதில் சொல்ல வாயெடுத்தேன். பிறகு நிறுத்திக்கொண்டு, போனை ஹென்றியின் வலது காதில் வைத்தேன். அக்கா இன்னொரு தடவை கேட்டார். ஹென்றி வாயில் இருந்ததை நிதானமாக விழுங்கினான்.

"குடுத்துடுங்க," என்றான். "எனக்கு வியாழக்கெழமை வேல இருக்கு."